ஆட்டுக்கு அறிவியல் பிரிவு

ஆம்பூரில் ஒரு பள்ளியின் வாசலில் காலை ஆறு மணிக்கே பெற்றோர் வரிசை. ஷூ கம்பெனிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள். பிள்ளையின் மூளையைப் பெருவிரலில் படிக்கும் இயந்திரம் வந்திருக்கிறதாம்.

கொண்டுவந்தவர் சூரியபிரகாஷ். கல்வித் தொழில்நுட்ப ஆலோசகர். வெயிலிலும் கோட்டு.

"அடாப்டிவ் லேர்னிங். பெர்சனலைஸ்டு பாத்வே. ஃப்ளிப்டு கிளாஸ்ரூம்" என்றார் மைக்கில்.

ஒவ்வொரு சொல்லுக்கும் கூட்டம் தலையாட்டியது. புரியவில்லை, அதனால் மரியாதை. இதே வேலையை முன்பு தாயத்து செய்தது.

பிள்ளைகளில் மூன்றே வகையாம். கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர். யார் எந்த வகை என்பது விரல் ரேகையில் இருக்கிறது. கண்ணுக்கு அறிவியல் பிரிவு, காதுக்கு வணிகவியல், கைக்குத் தொழிற்பிரிவு. ரிப்போர்ட்படிதான் பதினொன்றாம் வகுப்பில் இடம் என்று தலைமையாசிரியர் நவநீதன் அறிவித்துவிட்டார். மதிப்பெண் பழைய முறையாம்.

பெற்றோர் ரேகையும் வேண்டும். முதல் அற்புதம் அதில்தான் நடந்தது.

சர்தார் பாஷா இருபது வருடம் தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டியவர். விரலில் ரேகை மிச்சமில்லை. ரேஷன் கடை இயந்திரம் மாதாமாதம் அவரைத் தெரியாது என்று சொல்லிவிடும். இங்கே வைத்தவுடன் பச்சை விளக்கு எரிந்தது.

"கவர்மென்ட் மிஷினுக்குத் தெரியாதது இதுக்குத் தெரியுது பாருங்க" என்றார் ஆலோசகர்.

கூட்டம் கைதட்டியது. சர்தார் பாஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மகள் முபஷ்ஷிராவின் ரிப்போர்ட் வந்தது. கை வகை. தொழிற்பிரிவு. அறிவியலில் தொண்ணூற்றெட்டு வாங்கிய பெண்.

"கம்பெனில சூப்பரா ஷூ தைப்பா" என்று ஆறுதல் சொன்னார் ஆலோசகர்.

முபஷ்ஷிரா அழவில்லை. காகிதத்தை மடித்துக்கொண்டே இருந்தாள்.

அவள் அம்மா ரஃபத் ஜஹான், ஷூ கம்பெனியில் பசை ஒட்டுகிறவர். கணவரின் வழவழத்த விரலைப் பார்த்தார்.

"இன்னாங்க இது? இல்லாத ரேகைய எப்படிப் படிச்சுது?"

"சும்மா இரு. படிச்சவங்க சொல்றாங்க."

கம்பெனி அடுத்த தெருவில்தான். ரஃபத் ஜஹான் போய்விட்டு வந்து, வரிசையில் நின்றார்.

"எனக்கும் பாருங்க சார். பத்தாவதோட நின்னுட்டேன். மேல படிக்க ஆசை."

ஆலோசகர் மகிழ்ந்தார். ரஃபத் ஜஹான் பெருவிரலை வைத்தார். பச்சை விளக்கு. கண் வகை. அறிவியல் பிரிவு. மருத்துவராக வாய்ப்பு தொண்ணூற்றொரு விழுக்காடு. மறுபடியும் கைதட்டல்.

பெருவிரலில் ஒட்டியிருந்த மெல்லிய துண்டை உரித்து மேசையில் வைத்தார்.

"ஆட்டுத்தோலு சார். ஷூவுக்கு உள்ள லைனிங்குக்குப் போடறது. பதம் பண்ணி ஒரு மாசம் ஆவுது. படிப்பு வருமா?"

"அது... உங்க எனர்ஜி அதுல பாஸ் ஆயிருக்கும்மா."

"அப்போ அதையே தனியா வெக்கறேன்."

வைத்தார். பச்சை விளக்கு. காது வகை. வணிகவியல்.

வரிசையில் நின்ற சுந்தரமூர்த்தி எட்டிப் பார்த்தார். "அஞ்சு நிமிஷத்துல டாக்டர் படிப்ப உட்டுட்டு பேங்கு வேலைக்குப் போய்டுச்சே சார்."

சர்வர் கோளாறு என்றபடி ஆலோசகர் ஒயரைச் சுருட்டினார். தலைமையாசிரியர் மதிப்பெண் பட்டியலைத் தேடி எடுத்தார். அதில் முபஷ்ஷிரா இரண்டாவது பெயர். அறிவியல் பிரிவு.

வரிசை கலைய மனமில்லாமல் நின்றது. "நாளைக்கு வேற மிஷின் வருமா?" என்று ஒரு குரல்.

வரும். வந்தால், ரேஷன் கடை இயந்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நாணயம் அதற்காவது இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பச்சை விளக்கு காட்டும் இயந்திரத்தின்மேல், கையை வைக்குமுன் மூளையை வையுங்கள்.