சமத்துவம் சாரின் வீட்டு இலக்கணம்

உலகத்தில் இனவெறியை ஒழிக்கப் பாடுபட்டவர்கள் பலர். அதை மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஆரம்பித்து, நடுவில் டீக்கும் பிஸ்கட்டுக்கும் நேரம் விட்டு, நாலரைக்குள் ஒழித்துக் கட்டியவர் ஒருவர்தான். அவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பயிற்சி மேலாளர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் 'சமத்துவம் சார்' என்றால்தான் வாசல் செக்யூரிட்டிக்கே ஆள் தெரியும்.

அவரிடம் நாற்பத்திரண்டு ஸ்லைடுகள் இருந்தன. பதினேழாவது ஸ்லைடில் ஆறு நிறத்தில் ஆறு கைகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். "நிறம் தோலோடு சரி. உள்ளே ஓடுவது ஒரே ரத்தம்" என்று சொல்லிவிட்டு, சரியாக நான்கு விநாடி மௌனமாக நிற்பார். அந்த நான்கு விநாடிக்குள் கணக்குப் பிரிவில் ஒருவர் குறட்டையே விட்டார் என்பது பொறாமைக்காரர்கள் கட்டிய கதை. கடைசியில் எல்லோரும் 'இன்று முதல் என்னிடம் பாகுபாடு இல்லை' என்ற படிவத்தில் கையெழுத்துப் போடுவார்கள். படிவம் கோப்புக்குள் போகும். இந்த முறையில் இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு பேரிடம் இனவெறி 'வேரோடு' களையப்பட்டிருந்தது.

இப்பேர்ப்பட்ட மனிதர் ஆறரைக்கு வீடு திரும்பியதும் டையைக் கழற்றுவார். டையோடு சேர்ந்து இன்னும் சிலதும் கழன்று விழும். நாளெல்லாம் சமத்துவம் பேசிக் களைத்தவருக்கு வீட்டிலாவது கொஞ்சம் ஓய்வு வேண்டாமா?

அவர் குடியிருந்த அடுக்குமாடியில், நேர் மேல் வீட்டுக்கு ஒரு குடும்பம் புதிதாக வந்தது. கடல் தாண்டி வந்த வேறு இனத்தவர்கள். சுருள் சுருளாக முடி, நல்ல கறுப்பு. அப்பா பஸ் மெக்கானிக், அம்மா நர்ஸ், ஏழு வயதில் ஒரே பெண். படிக்கட்டில் அவர்களைப் பார்த்த சமத்துவம் சார், நர்ஸின் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்களைப் போன்றவர்கள் வந்ததில் இந்தக் கட்டடத்துக்கே பெருமை" என்றார். அந்த அம்மா நெகிழ்ந்துபோனாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவியிடம் சொன்னார்: "மேல அதுங்க வந்துடுச்சு. செருப்பையெல்லாம் உள்ள எடுத்து வை."

"எதுங்க?"

"அதான்... அதுங்க."

மனைவி கெட்டிக்காரி. சட்டென்று பிடித்துக்கொண்டாள். "ஐயையோ, ஒரு குழந்தை வேற இருக்காமே? கரண்ட் போச்சுன்னா எப்படித் தேடிப் பிடிப்பாங்களாம்?"

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். வாசல் கதவுக்கு நேரே தரையில் படுத்து, படிக்கட்டை வேடிக்கை பார்த்தபடி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் குட்டியும் சிரித்தாள். அவளுக்கும் ஏழு வயதுதான். ஜோக் என்னவென்று புரியவில்லை. ஆனால் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து சிரிப்பது அந்த வீட்டில் அபூர்வம். அப்படி ஒரு நல்ல காரியம் எதனால் நடக்கிறது என்று குட்டி கவனித்து வைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு மேலே தண்ணீர் சத்தம் கேட்டால், "அதுங்க குளிக்குது போல. இன்னைக்கு என்ன விசேஷம்?" என்பார் அப்பா. நாற்காலி நகர்ந்தால், "அதுங்க ஆடுது" என்பாள் அம்மா. இதில் வெறுப்பு ஒன்றும் கிடையாது. சும்மா, பொழுதுபோக்கு. ஸ்லைடு இல்லை, படிவம் இல்லை, பிஸ்கட்கூட இல்லை. இருந்தும் ஒரே மாதத்தில் குட்டிக்குப் பாடம் முழுக்க ஏறிவிட்டது.

ஒருநாள் குட்டியின் பள்ளியிலிருந்து தலைமை ஆசிரியை போன் செய்தார். "சார், பிள்ளைங்ககிட்ட இனபேதம் சம்பந்தமா ஒரு பிரச்சினை. நாளைக்கு வந்து பேச முடியுமா?"

"அதுக்குத்தானேம்மா நான் இருக்கேன்!" என்றார் சமத்துவம் சார். மறுநாள் புதுச் சட்டை, லேப்டாப், நீள வயர் சகிதம் போய் இறங்கினார்.

தலைமை ஆசிரியை அறையில் வகுப்பு ஆசிரியை இருந்தார். மேல் வீட்டு நர்ஸும் யூனிஃபார்மோடு ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். சமத்துவம் சார் அவளுக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு, வயரைப் பிரித்தார். "ப்ரொஜெக்டர் எங்க மேடம்?"

"முதல்ல உக்காருங்க சார்."

வகுப்பு ஆசிரியை தொண்டையைச் செருமினார். "போன வாரம் உயர்திணை, அஃறிணை நடத்தினேன். மனுஷங்க உயர்திணை, மத்ததெல்லாம் அஃறிணைன்னு சொல்லி, அஃறிணைக்கு உதாரணம் கேட்டேன். ஒருத்தன் நாய்னான். ஒருத்தி நாற்காலின்னா. உங்க பொண்ணு எழுந்து, 'எங்க மேல் வீட்டுக்காரங்க'ன்னு சொல்லி, அதே வகுப்புல உக்காந்திருந்த இவங்க பொண்ணைக் கையைக் காட்டினா."

"சின்னக் குழந்தை. இலக்கணப் பிழை," என்றார் சமத்துவம் சார்.

"அன்னையிலிருந்து அந்தப் பொண்ணு வந்தா, 'அது வருது, அது வருது'ன்னு கத்திட்டு எல்லாரும் ஓடறாங்க. விளையாட்டாம். இப்ப பக்கத்து வகுப்புக்கும் பரவிடுச்சு."

சமத்துவம் சார் நிஜமாகவே அதிர்ந்துபோனார். தன் வீட்டுப் பெண்ணா! இது வெளியிலிருந்து வந்த நஞ்சாகத்தான் இருக்க வேண்டும். "மேடம், இதைச் சும்மா விடக்கூடாது. மூணு பேர் கொண்ட விசாரணைக் குழு போடுங்க. தலைமைப் பொறுப்பை நானே ஏத்துக்கறேன். ஸ்கூல் வேன் டிரைவரை விசாரிக்கணும். டிவியில வர்ற கார்ட்டூனை விசாரிக்கணும். அப்புறம்..." வகுப்பு ஆசிரியையை ஓரக்கண்ணால் பார்த்தார். "ரெண்டாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு அஃறிணை அவ்வளவு அவசியமான்னும் யோசிக்கணும்."

"குட்டியையே கேட்டுடலாமே," என்றார் தலைமை ஆசிரியை.

குட்டி வந்தாள். அப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"யாரு கண்ணு உனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லிக் குடுக்கல மிஸ். நானே கத்துக்கிட்டேன்."

சமத்துவம் சாருக்கு மூச்சு வந்தது. "பாத்தீங்களா?"

"அப்பாவும் அம்மாவும் பேசிக்குவாங்க. அதைக் கேட்டுக் கத்துக்கிட்டேன்," என்று குட்டி பெருமையாக முடித்தாள். "அப்பாவுக்கு ரெண்டு குரல் இருக்கு மிஸ். செஞ்சு காட்டவா?"

யாரும் வேண்டாம் என்று சொல்வதற்குள் கையை நீட்டி, தலையைச் சாய்த்து, "உங்களைப் போன்றவர்கள் வந்ததில் பெருமை" என்றாள். உடனே தோளைத் தொங்கவிட்டு, மூக்கைச் சுளித்து, "மேல அதுங்க வந்துடுச்சு" என்றாள். இரண்டும் அச்சு அசல் அப்பா.

"குழந்தைக்குக் கற்பனை கொஞ்சம் அதிகம்," என்றார் சமத்துவம் சார். காது இரண்டும் சுட்டன.

அப்போதுதான் நர்ஸ் பேசினாள். அவள் நம் மொழியை நோயாளிகளிடம் பேசிப் பேசிக் கற்றவள். வாங்க, உட்காருங்க, வலிக்குதாங்க என்பதைத் தவிர வேறு மாதிரி அவளுக்குப் பேச வராது. குட்டியின் பக்கம் குனிந்து, "உங்க மேல எனக்குக் கோபம் இல்லைங்க. நீங்க வெளிய போய் விளையாடுங்க," என்று அனுப்பிவிட்டு, நிமிர்ந்தாள்.

"நேத்து என் மகள் குளிக்கப் போனாங்க. ரொம்ப நேரம் வெளிய வரல. போய்ப் பாத்தேன். பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் இருக்கு இல்லைங்களா, அதை வெச்சுக் கையைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க. முழங்கை வரைக்கும் ரத்தம். எதுக்குன்னு கேட்டேன். 'அம்மா, இன்னும் எவ்வளவு தேய்ச்சா நான் அவங்கள்ல ஒருத்தி ஆவேன்'னு கேட்டாங்க. நான் தினமும் பத்துப் பேருக்குக் கட்டுப் போடறவ சார். என் பொண்ணுக்கு மூணு தடவை அவுத்து அவுத்துக் கட்ட வேண்டியதாப் போச்சு."

சமத்துவம் சார் வாழ்க்கையில் முதல்முறையாக, ஸ்லைடு எதுவும் பின்னால் இல்லாமல், எத்தனை விநாடி என்று எண்ணாமல் மௌனமாக இருந்தார். அந்த மௌனம் அப்படியே இன்னும் கொஞ்ச நேரம் நீடித்திருந்தால் நானூற்றுப் பதின்மூன்றாவது ஆளும் திருந்தியிருக்கலாம். ஆனால் அவர் தொழில் தெரிந்தவர். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"ரொம்ப உருக்கமா இருக்கும்மா. இதை நான் என் பயிற்சியில சேத்துக்கலாமா? பேர் போட மாட்டேன்."

நர்ஸ் கைப்பையை எடுத்துக்கொண்டாள். "எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சுங்க," என்று எழுந்து போய்விட்டாள்.

திங்கட்கிழமை வகுப்பில் எல்லோர் முன்னாலும் குட்டி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவாயிற்று.

அன்று மாலை வீட்டில் அவசரக் கூட்டம். "எல்லாம் உன் வாயால வந்தது," என்றார் அவர்.

"என் வாயா? 'அதுங்க'ன்னு ஆரம்பிச்சது யாரு?"

"குழந்தை இருக்கறப்ப நீ சிரிக்காம இருந்திருக்கணும்!"

இருவரும் கத்துவதைக் குட்டி மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, அப்ப வீட்டுல நாம பேசறது தப்பா?"

கேள்வி சின்னது. 'ஆமாம்' என்ற பதில் அதைவிடச் சின்னது. அதைச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சமத்துவம் சார் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள்.

"தப்புன்னு இல்ல குட்டி," என்றார் அவர். "நாம நமக்குள்ள ஆயிரம் பேசுவோம். அதை வெளிய போய்ச் சொல்றதுதான் தப்பு. புரியுதா?"

குட்டி யோசித்துவிட்டுத் தலையாட்டினாள்.

சனியும் ஞாயிறும் ஒத்திகை நடந்தது. எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவது, எங்கே நிறுத்துவது, கண்ணை எங்கே வைப்பது என்று அவர் தன் இருபது வருட அனுபவத்தையும் பிழிந்து கொடுத்தார்.

திங்கட்கிழமை குட்டி வகுப்பின் முன்னால் நின்றாள். "என் வார்த்தை உன் மனசைக் காயப்படுத்தியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். வேற்றுமைதான் நம் வகுப்பின் அழகு," என்றாள். ஓரிடத்தில் குரல் லேசாகத் தழுதழுத்தது. தலைமை ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். குட்டி கை குலுக்கக் கையை நீட்டினாள். மேல் வீட்டுப் பெண் தன் சட்டைக் கையை விரல் நுனி வரை இழுத்துவிட்டுக்கொண்டு, நீட்டிய கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கைதட்டலில் அதை யாரும் கவனிக்கவில்லை.

காரில் ஏறியதும் சமத்துவம் சாருக்குப் பெருமை தாங்கவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருத்தருக்குக்கூட இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை.

"பிரமாதம்டா குட்டி! அப்பாவையே தூக்கிச் சாப்பிட்டுட்டே."

குட்டி ஜன்னல் கண்ணாடியை மேலே ஏற்றினாள். முழுக்க ஏறிவிட்டதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அப்பா பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அப்பா, இனிமே நிஜமாப் பேசலாம்ல?"