பெட்டிசம் போட்ட கிணறு

பக்கத்து வீட்டு வளவுக் குழியில் சாயம் கொட்டி மூன்று நாளாகியும் தம்பிராசாவின் கிணற்றுத் தண்ணீர் பளிங்காகவே கிடந்தது. அவருக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"ஒரு சொட்டு நிறமும் வரேல்லை! உவன் நமசிவாயம் என்ரை கிணத்துக்குப் பக்கத்திலை கக்கூசுக் குழி வெட்டுவான், நான் பாத்துக்கொண்டிருக்கிறதோ?"

"வராட்டி நல்லதுதானே," என்றாள் மனைவி ஞானாம்பிகை. "எங்கடை குழியும் கிணத்தடியிலைதானே கிடக்கு."

"அது பழசு. பழசு ஒண்டும் செய்யாது!"

தம்பிராசா பதினொரு பெட்டிசம் எழுதிப் புகார் அனுப்பிய பிறகுதான் சுகாதாரப் பரிசோதகர் முத்துக்குமாரு எட்டிப் பார்த்திருந்தார். "கீழை முழுக்கச் சுண்ணாம்புக் கல்லு, வெடிப்பு. ஆரின்ரை ஊத்தை எங்கை போகுதெண்டு சாயம்தான் சொல்லும். ஒரு வளவுச் சாயம் அடுத்த வளவுக் கிணத்திலை தெரிஞ்சால், சாயம் புறப்பட்ட வளவுக் குழியை மூட வேணும்" என்றவர், நமசிவாயத்தின் குழியில் சிவப்புச் சாயப் பொடியொன்றைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார். அதை வேலிக்கு மேலால் தம்பிராசா தன் கண்ணாலேயே பார்த்திருந்தார்.

தண்ணீரை இழுத்தால் சாயம் வராமலா போகும் என்று இறைப்பு மிசினைப் போட்டுப் பின்னேரம் முழுக்க இறைத்தார். வெங்காயப் பாத்தி வெள்ளத்தில் மூழ்கியது, மண்ணெண்ணெயும் முடிந்தது. நிறம் மட்டும் வரவில்லை. அநியாயக்காரன் தப்பிவிடுவானா? என்ன உலகமடா இது!

ஞானாம்பிகை ஓலைப்பெட்டிக்கு ஓலை தோய்க்க வைத்திருந்த சிவப்புச் சாயத்தில் ஒரு கரண்டி எடுத்துத் தம்பிராசா கிணற்றில் போட்டார். போதவில்லை. சாயத் தகரப் பேணியோடு கவிழ்த்தார்.

"ஐயோ, குடிக்கிற தண்ணி! உங்களுக்கென்ன விசரே?"

"நியாயம் கிடைக்குமட்டும் தெருக்கிணத்திலை அள்ளு!"

இரண்டு நாள் கழித்துப் பரிசோதகர் வந்ததும் தம்பிராசா வாளியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பாருங்கோ, ரத்தம் மாதிரி! உந்தத் தண்ணியைத்தான் நாங்கள் குடிக்கிறதோ? இண்டைக்கே மூடுங்கோ அந்தக் குழியை!"

முத்துக்குமாரு வாளியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பொடிதான் அண்ணை சிவப்பு. தண்ணியிலை கரைஞ்சால் பச்சை. உது ஆரின்ரை சாயம்?"

தம்பிராசா வாளியைப் படாரென்று நிலத்தில் வைத்தார். கோபம் அடங்கவில்லை.

"ஓம், நான்தான் போட்டனான்! என்ரை கிணறு, என்ரை மனிசியின்ரை சாயம். உதிலை ஆருக்கு என்ன நட்டம்?"

வேலிக்கு அப்பால் நமசிவாயத்தின் மனைவி பத்மாவதி செம்போடு நின்றாள்.

"பரிசோதகர் ஐயா, எங்கடை கிணறு நேற்றுத் தொடக்கம் சிவந்து கிடக்கு. அப்ப இவையின்ரை குழியையெல்லோ மூட வேணும்?"