ஐந்து கோப்பையும் ஒரே டின்னும்

கண்டிக்கு மேலே, ஹந்தானைத் தேயிலை மலையில் பிறந்து வளர்ந்த எனக்குத் தேயிலையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. இதை நான் வீட்டில்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. முதன்முதலில் தெரிந்துகொண்டவர்கள் ஆஸ்திரியாவில் இருந்த இரண்டு பேர். அவர்களிடமும் நானாகச் சொல்லவில்லை, மாட்டிக்கொண்டேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கண்டி டவுனில் கம்ப்யூட்டர் டிப்ளோமா முடித்திருந்தேன். உலகத்தில் எது புதிதாக வந்தாலும் முதலில் என் போனுக்குள் வந்துவிட்டுத்தான் மற்ற இடங்களுக்குப் போக வேண்டும் என்று ஒரு திமிர். (திமிர் இப்போதும் இருக்கிறது. பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் வாசிக்கவும் செய்கிறேன், அவ்வளவுதான்.) அப்பாவுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை, பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் வீட்டில் நானும் அம்மாவும். அம்மா தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார்.

அந்த மாதம் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் அப்பாவிடம், ஆபீசில் ஓர் இடம் காலியாகிறது, மாதக் கடைசிக்குள் உங்கள் மகள் தர்ஷினி சரி என்றால் வேலை அவளுக்கு என்று சொல்லியிருந்தார். அப்பாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். எனக்கு இல்லை. அம்மா கொழுந்து நிறுக்கிற மடுவக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே ஒரு கதிரையைப் போட்டு உட்காருவதற்கா இவ்வளவு படித்தேன்? "மாசம் முடியிறதுக்குள்ள வெளிநாட்டுல வேலை எடுக்கிறேன். இல்லாட்டி வாயை மூடிக்கிட்டுக் கிளாக்கர் வேலைக்குப் போறேன்" என்று அப்பாவிடம் போனில் சபதம் செய்தேன்.

சபதத்துக்குத் துணையாக ஒரு செயலியைப் பிடித்தேன். நம்முடைய சுயவிவரத்தை ஒரு தடவை கொடுத்துவிட்டால் போதும். அதுவே உலகம் முழுக்கப் போய் வேலை தேடும், படிவம் நிரப்பும், அனுப்பும். "சுயவிவரத்தை மெருகேற்றவா?" என்று கேட்டது. யாராவது வேண்டாம் என்பார்களா?

அடுத்த நாளிலிருந்து எனக்கு ஒன்றுமே புரியவில்லை. ஒரு துறைமுகத்திலிருந்து, உங்கள் வெல்டிங் சான்றிதழின் பின்பக்கத்தையும் அனுப்புங்கள் என்று கடிதம். ஒரு பேக்கரி என்னுடைய பதினோரு வருட அனுபவத்தைப் பாராட்டியது. (அப்படியானால் நான் பன்னிரண்டு வயதில் பாண் போட ஆரம்பித்திருக்கிறேன்.) இன்னொரு இடத்தில், விண்ணப்பம் போன அதே நிமிடத்தில் "ஆழ்ந்து பரிசீலித்தோம், வருந்துகிறோம்" என்று பதில். என் பக்கம் ஒரு மெஷின் எழுதியது, அந்தப் பக்கம் ஒரு மெஷின் வாசித்தது. இரண்டுக்கும் நடுவில் மனிதப் பிறவி என்று குழம்பிப்போய் நின்றது நான் ஒருத்திதான்.

இந்தக் கலவரத்துக்குள்தான் ஆஸ்திரியாவில் பனிமலை ஒன்றின் மேலிருக்கும் ஓட்டலிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. விசா அவர்கள் பொறுப்பு, தங்குமிடம் அவர்கள் பொறுப்பு. வேலையின் பெயர் அவர்களுடைய மொழியில் அரை வரி நீளத்துக்கு இருந்தது. முதலில் சரி என்று பதில் போட்டேன், பிறகுதான் மொழிபெயர்த்துப் பார்த்தேன். விருந்தாளிகளுக்காகத் தேயிலையைத் தேர்ந்தெடுத்து, அதன் அருமை பெருமைகளை எடுத்துச் சொல்கிற வேலையாம். மெருகேறிய என் சுயவிவரத்தை அன்றுதான் திறந்து வாசித்தேன். "தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். சிறு வயது முதலே சுவைத்துத் தரம் பிரிப்பதில் தேர்ச்சி பெற்றவர்." நான் கொடுத்திருந்தது எங்கள் தோட்டத்து முகவரி மட்டும். மிச்சத்தை மெஷின் தானாகக் கற்பனை பண்ணிக்கொண்டது.

கடிதத்தின் கடைசியில் இன்னொன்றும் இருந்தது. "உங்கள் விண்ணப்பம் வந்ததுமே நாங்கள் அனுப்பிய ஐந்து மாதிரிகளும் கிடைத்திருக்கும். நேர்முகத்தின்போது ஐந்தையும் வரிசைப்படி வெள்ளைக் கோப்பைகளில் ஊற்றி வைத்திருக்கவும்."

அம்மாவிடம் ஓடினேன்.

"அம்மா, எனக்கு ஏதாச்சும் பார்சல் வந்துச்சா?"

"வந்துச்சே, போன வாரம். தேயிலயா இருந்துச்சு. ஒனக்கா அது?"

"எங்க வச்சீங்க?"

"டின்னுல கொட்டிட்டேன்."

"அஞ்சு பாக்கெட்டையுமா?"

"அஞ்சும் தேயிலதானே?"

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. தோட்டத்தில் கொடுக்கிற தூள் அந்த வாரம் முடிந்துபோயிருந்தது. வெளிநாட்டிலிருந்து ஹந்தானைக்கே தேயிலை வந்திருக்கிறதே, யாரோ நல்ல மனசுக்காரர்கள் என்று நினைத்து டின்னில் கொட்டி, ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களுக்கெல்லாம் பால் ஊற்றிக் கொதிக்க வைத்துக் கொடுத்திருக்கிறார். பக்கத்து வீட்டில் இருக்கும் அப்பாவின் அக்கா, என் அத்தை, அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டாராம்: "என்னா தேயில புள்ள இது, மூணு தடவ கொதிச்சும் சாயமே எறங்கல."

அதுதான் விஷயம். அம்மா பறிக்கிற கொழுந்து ஃபாக்டரிக்குப் போய், தரம் பிரிந்து, கப்பல் ஏறிவிடும். நாங்கள் குடிப்பது கடைசியில் மிஞ்சுகிற தூள். நல்ல இலை வாயில் எப்படி இருக்கும் என்று அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த ஐந்து பாக்கெட்டில் ஒன்று எங்கள் மலையில் விளைந்ததாகவே இருந்திருக்கலாம். எங்களுக்கு அடையாளம் தெரிந்திருக்காது.

நேர்முகத்துக்கு இரண்டு நாள் இருந்தது. உண்மையை எழுதிவிட்டு, வேறு மாதிரி அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கலாம். மாதம் முடிய நாலு நாள்தான் என்பதால் அந்த யோசனையை மூட்டை கட்டி வைத்தேன். அம்மா வழி சொன்னார்.

"ஒரே சாயத்தண்ணிய அஞ்சு பதத்துல ஊத்துவோம். கம்பியூட்டருல எல்லாமே வேற வேறயாத்தான் தெரியும்."

எங்கள் தலைக்கு மேலே மலை உச்சியில் டவர் டவராக நிற்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற ஒரே இடம் குசினி ஜன்னல். அதனால் நேர்முகம் குசினியில் நடந்தது. மேசையில் லெப்டொப், அதற்கு முன்னால் அலுமாரியிலிருந்து இறக்கிய ஐந்து வெள்ளைக் கோப்பைகள். அடுப்புப் பக்கம், கேமராவுக்குத் தெரியாத மூலையில் அம்மாவும் அத்தையும் பலகை போட்டு உட்கார்ந்தார்கள்.

"தயவு செஞ்சு பேசிறாதீங்க அத்தை."

"தமிழ்ல பேசுனா அவங்களுக்கு என்னா வெளங்கப் போகுது?" என்றார் அத்தை.

அதில் எனக்கும் நம்பிக்கை இருந்தது. பஸ்ஸிலும் கடையிலும் அடுத்த ஆளுக்குக் கேட்கக்கூடாததை நாங்கள் தமிழில்தான் சொல்லிக்கொள்வோம். கண்டி டவுனில் அந்த நம்பிக்கை சில தடவை காலை வாரியிருக்கிறது. ஆஸ்திரியாவிலுமா வாரும்?

திரையில் இரண்டு பேர் வந்தார்கள். வெள்ளை முடியுடன் ஓர் அம்மையார், பக்கத்தில் ஒல்லியாக ஓர் இளைஞர். (பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். என் ஆங்கிலத்தைத் திருத்தி இங்கே தமிழில் தருகிறேன்.)

"முதல் கோப்பையிலிருந்து தொடங்குங்கள்" என்றார் அம்மையார்.

உறிஞ்சினேன். வெந்நீர். "மலர் வாசனை தெரிகிறது. விடியற்காலைப் பனியின் மென்மையும் இருக்கிறது" என்றேன். இரண்டு நாளாக இணையத்தில் மனப்பாடம் செய்தது.

"இந்தத் தம்பி என்னா உரிச்ச கோழி மாதிரி இருக்கான்?" என்றார் அத்தை, அடுப்புப் பக்கமிருந்து.

"பேசாதீங்க அண்ணி" என்றார் அம்மா.

இளைஞர் குனிந்து எதையோ பார்த்தார், பிறகு இருமினார். குறிப்பு எடுக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து உற்சாகமாக இரண்டாவதற்குப் போனேன். அதில் தேனையும் பழைய மரத்தையும் கண்டுபிடித்தேன். அம்மையாரும் அடிக்கடி திரையின் கீழ்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பா, கவலையா என்று பிடிபடவில்லை. மூன்றாவது கோப்பையை எடுத்தபோது எனக்கே வரிசை குழம்பிவிட்டது. சிரித்த முகம் மாறாமல், உதட்டை அசைக்காமல் கேட்டேன்.

"அம்மா, மூணாவதுல என்ன ஊத்துனீங்க?"

"அது ரெண்டாவதுலயே கொஞ்சம் தண்ணி ஊத்துனது."

அம்மையார் கண்ணாடியைச் சரிசெய்தார். "இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்ல முடியுமா?"

"உயரம்" என்றேன் தைரியமாக. "மூன்றாவது இன்னும் உயரமான மலையில் விளைந்தது."

"அப்படியா? தண்ணீர் ஊற்றியதுதான் வித்தியாசம் என்று நினைத்தேன்."

 இந்த அம்மையார் யாழ்ப்பாணத்தில் இருந்திருப்பாரோ, மருமகள் தமிழாக இருக்குமோ என்றெல்லாம் எனக்குள் ஓடியது. அவசரத்தில் செய்யக்கூடாததைச் செய்தேன். "அம்மா, பேசாதீங்க, அவங்களுக்குத் தமிழ் தெரியும்" என்றேன்.

"தெரியாது" என்றார் இளைஞர், மிகுந்த பணிவோடு. பிறகு தன் திரையை எனக்குக் காட்டினார்.

பேசுகிறவர்கள் எந்த மொழியில் பேசினாலும் அது ஆங்கிலத்தில் எழுத்தாகக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. நுழையும்போது எல்லாவற்றுக்கும் சம்மதம், சம்மதம் என்று அழுத்தினேனே, அதில் இதுவும் ஒன்றாம். அடிப்பக்கத்தில் என்னுடைய வரி: அவர்களுக்குத் தமிழ் தெரியும். அதற்கு மேலே தண்ணீர். இன்னும் மேலே, உரித்த கோழி.

"என்னா எழுத்து புள்ள அது?" என்று கேட்டுக்கொண்டே அத்தை எழுந்து கேமராவுக்கு முன்னால் வந்துவிட்டார். அவர் கேட்டதும் எழுத்தாக ஓடியது.

வேறு வழியில்லாமல் டின் கதையை முழுக்கச் சொன்னேன். அம்மையார் கோபிக்கவில்லை. "நான்காவது பாக்கெட்டில் இருந்தது தேயிலையே இல்லை, காய்ந்த பூக்கள். அதை எப்படி வர்ணிக்கப் போகிறீர்கள் என்று ஆவலாக இருந்தேன்" என்றார்.

நான் அதைத் தமிழில் சொன்னதும் அத்தைக்குத் தெளிவு பிறந்தது. "அதான் பூப்பூவாக் கெடந்துச்சு. நான் குப்பைன்னு பொறுக்கி வீசிட்டேன்." கீழே ஓடியதை வாசித்துவிட்டு இளைஞர் கேமராவை அணைத்துக்கொண்டார். சத்தத்தை அணைக்க மறந்துவிட்டார். அவர் சிரித்து ஓயும்வரை நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

நேர்முகம் முடிந்த கையோடு, பேசிய பேச்சு முழுவதையும் எழுத்தாக்கி மெஷின் எனக்கும் அனுப்பிவைத்தது. எவ்வளவு அசிங்கப்பட்டேன் என்று அளந்து பார்க்க உட்கார்ந்து வாசித்தேன். முதல் கோப்பைக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இரண்டு வரிகள் இருந்தன. நான் பனியின் மென்மையைப் பற்றி அளந்துகொண்டிருந்தபோது அடுப்பு மூலையில் அம்மா தனக்குள் முணுமுணுத்தது. எனக்குக் கேட்கவில்லை, மெஷினுக்குக் கேட்டிருக்கிறது.

இவளுக்கு இந்த வேலை கிடைக்கக் கூடாது.

இல்லை, கிடைக்கட்டும்.



மறுநாள் அம்மையார் தானே எழுதியிருந்தார். வேறொருவரை எடுத்துவிட்டார்களாம், அம்மாவுக்கும் அத்தைக்கும் வணக்கமாம். கடைசியில் ஒரு வரி: "உரித்த கோழியும் வணக்கம் சொல்கிறார்." அந்த மாதம் முழுக்க வந்த கடிதங்களில் ஒரு மனிதப் பிறவி எழுதியது அது ஒன்றுதான்.

மாதம் பிறந்ததும் கிளாக்கர் வேலைக்குப் போனேன். இரண்டு வருடமாக அங்கேதான் இருக்கிறேன். கதிரை பரவாயில்லை. விண்ணப்பங்களை இப்போது என் கையாலேயே எழுதுகிறேன், வெல்டிங் தெரியாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். வீட்டில் யாரைப் பற்றியாவது புறம் பேசுவதென்றால் அத்தை முதலில் எதிரில் இருக்கிற ஆளின் நெஞ்சுக்குக் கீழே ஒரு பார்வை பார்ப்பார். "எழுத்து ஓடுதா பாரு லெச்சுமி" என்பார் அம்மாவிடம். அம்மா இல்லை என்று தலையாட்டிய பிறகுதான் விஷயத்துக்கு வருவார். கல்யாண வீட்டிலும் இதேதான், சாவு வீட்டிலும் இதேதான்.

போன மாதம் எனக்குக் கனடாவிலிருந்து ஒரு நேர்முகம் வந்தது. அதே குசினி, அதே ஜன்னல். லெப்டொப்பைத் திறந்து காத்திருந்தேன். அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, திரைக்கு நேராகக் குனிந்து, மேடையில் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

"நல்ல புள்ள. வேலயக் குடுங்க. ரெண்டு வருசத்துல திருப்பி அனுப்பிடுங்க."

பிறகு என் பக்கம் திரும்பி, "எழுத்து ஓடுச்சா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. இன்னும் அவங்க வரவே இல்ல."

"வந்தோடன கூப்பிடு. திருப்பிச் சொல்லணும்."