அந்தப் பச்சை டிக் என்னுடையது, மச்சான்

திருப்பாதிரிப்புலியூர்,
வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் ராஜவேல் அவர்களுக்கு மாப்பிள்ளை சிங்காரம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. சிதம்பரத்தில் தாங்களும் ஞானாம்பாள் அக்காவும் பாத்திரக்கடையும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே தங்கள் தங்கை இளவரசி சௌக்கியம். நான் சௌக்கியமா என்பதைக் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டுத் தாங்களே முடிவு செய்யலாம். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் தாங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள், கீழவீதி முழுக்கக் கேட்கும்.

விஷயம் என் மகன் அறிவழகனைப் பற்றியது. அவன் குடிக்கவில்லை மச்சான். தாங்கள் அவனை அடித்துக் கூட்டிக்கொண்டு போனது தப்பு. அந்தத் தப்புக்குக் காரணம் தாங்கள் இல்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வளைக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் மீசை முளைக்கும் முன்பே பீர் பாட்டிலைத் தொடுகிறார்களாம், அதைத் தடுக்க 'தெளிவு' என்று ஒரு ஆப் வந்திருக்கிறதாம். பிள்ளையின் போனில் போட்டுவிட்டால், அவன் ஒயின்ஷாப் பக்கம் போனதும் போன் அதிர்ந்து புத்தி சொல்லுமாம். போகாத நாளில் வீட்டுப் பெரியவர் போனுக்குப் பச்சை டிக், போனால் சிவப்பு. நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிளஸ் டூ பிள்ளை இருக்கிற வீட்டில் அவன் போன் எங்கே இருக்கும் என்று தங்களுக்குத் தெரியாதா? பீரோவில், இளவரசியின் நெக்லஸ் பெட்டிக்குப் பக்கத்தில், பரீட்சை முடியும்வரை பூட்டிக் கிடக்கிறது. டீச்சரம்மா, "பையன் போன் எங்க சார்?" என்று கை நீட்டினார். மற்ற அப்பாக்கள் எல்லாம் கொடுத்தார்கள், நானும் என் போனையே அவன் போன் என்று கொடுத்தேன். பெரியவர் நம்பருக்கு இளவரசி நம்பரைக் கொடுக்கலாம் என்றால் அவளிடம் இருப்பது பட்டன் போன், அதில் டிக் வராது. தாய்மாமனைவிடப் பெரியவர் யார் என்று தங்கள் நம்பரைக் கொடுத்தேன். அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

அன்று சாயங்காலம் லாரி புக்கிங் ஆபீசைப் பூட்டிவிட்டு, கூட வேலை பார்க்கும் தங்கராசுவோடு வழக்கமான வழியில் நடந்தேன். அந்த வழியில் ஒரு முட்டை போண்டாக் கடை இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒயின்ஷாப் இருப்பது என் குற்றமில்லை. சட்டைப்பை அதிர்ந்தது. 'தம்பி அறிவழகா, நண்பர்கள் வற்புறுத்துகிறார்களா? வேண்டாம் என்று சொல்லிப் பழகு. நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் பேசு' என்று போட்டிருந்தது. தங்கராசு எட்டிப் படித்துவிட்டு, "பெரியவன் நான் இருக்கேன், பேசு. உள்ள உக்காந்து பேசலாம் வா" என்றான். போண்டா அங்கேயும் கிடைக்கும் என்பதால் போனேன்.

நாலைந்து நாள் இப்படிப் போனபிறகு அந்த ஆப்பின் ஆலோசகர் அம்மா ஒருவர் போனில் கூப்பிட்டு, "அறிவழகனா பேசுறது?" என்றார். ஆமாங்க மேடம் என்று சொல்லித் தொலைத்தேன். இல்லை, நான் அப்பா என்று சொன்னால், அப்புறம் போன் யார் பையில் கடைக்குப் போச்சுன்னு கேட்பாங்களே. அவங்க ரொம்ப வேதனைப்பட்டாங்க. "பதினேழு வயசுல குரல் இப்படிக் கட்டிப்போயிருக்கே தம்பி, எவ்ளோ குடிச்சிருப்ப?" என்றார். வீட்டில் அப்பா குடிப்பாரா என்று கேட்டார். அப்பா தங்கமானவர் என்றேன். "அப்படின்னா அப்பாகிட்ட மனசு விட்டுப் பேசு தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டார். நானும் கொஞ்ச நேரம் எனக்குள்ளேயே பேசிப் பார்த்தேன், சரிப்பட்டு வரவில்லை.

அதற்குள் தங்கள் போனில் சிவப்பு சிவப்பாக வந்து சேர்ந்து, தாங்கள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஏண்டா, எத்தினி நாளா நடக்குது?" என்று அவன் கன்னத்தில் ஒன்று வைத்தீர்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். கரிநாள் என்று போட்டிருந்தது. அவனுக்குத் தெரியும் மச்சான். ஆப் யார் போனில் இருக்கிறது, அந்தப் போன் எங்கே போய் வருகிறது, எல்லாம் தெரியும். 'அது அப்பா போன் மாமா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். "இனிமே போவ மாட்டேன் மாமா" என்று சொல்லிவிட்டுப் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு தங்கள் பின்னாலேயே வந்துவிட்டான். அன்றிலிருந்து இளவரசியிடமிருந்து எனக்குச் சோறு வருகிறது, பேச்சு வரவில்லை.

இப்போது அவன் சிதம்பரத்திலிருந்து ரயில் பிடித்துப் பள்ளிக்கூடம் வந்து போகிறான். தாங்களோ தினமும் பச்சை டிக்கைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நம்ம வூட்டுச் சோறு, ஒரே வாரத்துல திருந்திட்டான்" என்று குடம் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறீர்களாம். மன்னிக்க வேண்டும். அந்தப் பச்சை டிக் என்னுடையது. அவன் போன நாளிலிருந்து கடை இருக்கிற திசையில் நான் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. ஆப்பே சாட்சி. ஆகவே ஒரு பாவமும் அறியாத பிள்ளையை இந்த ஞாயிற்றுக்கிழமை அனுப்பி வையுங்கள். அவனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது, பரோட்டா வாங்கி வைக்கிறேன்.

நடராஜப் பெருமான் தங்கள் கோபத்தைக் குறைத்து வியாபாரத்தைப் பெருக்கட்டும். அக்காவுக்கு என் வணக்கம். அறிவழகன் தலையை ஒரு தடவை தடவிக் கொடுங்கள், தங்கள் பங்குக்கும் என் பங்குக்கும்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை
சிங்காரம்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது ஞானாம்பாள் அக்கா போனிலிருந்து அறிவழகன் அவன் அம்மாவைக் கூப்பிட்டான். இளவரசி பேசிவிட்டு, பட்டன் போனை என் காதில் வைத்தாள். "அப்பா, மாமா போன்ல டெய்லி பச்சையா வருது" என்றான். "ஆமாண்டா" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. "போனை வூட்லயே வச்சிட்டுப் போறியா?" என்று கேட்டான். நான் மறுபடியும் காலண்டரைப் பார்த்தேன். ஆகவே மச்சான், கடைசியில் என்னைப் பற்றி எழுதியதை அடித்துவிடுங்கள், பையன் குடிக்கவில்லை என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஞாயிறு அவனை அனுப்ப வேண்டாம். நாளையிலிருந்து போன் என் சட்டைப்பையில்தான் இருக்கும். தங்கள் போனைத் தினமும் அவன் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எப்போது வீட்டுக்கு வரலாம் என்று அவன் சொல்லட்டும்.