வெட்டாமல் அனுப்பவும்

மூன்றாவது போனுக்கு எங்கே போவது என்றுதான் தெரியவில்லை.

ஒன்று முகத்துக்கு நேரே, புத்தகக் குவியல்மேல் நின்றது. அது அவனுடையது. இன்னொன்று பக்கவாட்டில், தண்ணீர் ஜாடியில் சாய்ந்திருந்தது. மனைவி கழித்துப்போட்ட பழைய போன். மூன்றாவது மேலேயிருந்து கைகளைப் பார்க்க வேண்டும். வேலைக்கு ஆளெடுக்க ஆன்லைன் வகுப்பு நடத்தும் கம்பெனி போட்ட நிபந்தனை அது. ஒரே பாடம், மூன்று கோணம். மூன்று பதிவையும் வெட்டாமல் ஒட்டாமல் மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். இன்று கடைசி நாள்.

அவன் கணக்கு வாத்தியார். டியூஷன் சென்டர் மூடியதிலிருந்து மாமனார் வீட்டில் இருந்தான். வீட்டோடு மாப்பிள்ளை என்று யாரும் சொல்லவில்லை. அவர்கள் சொல்லாமலிருப்பது அவனுக்கு நன்றாகக் கேட்டது. இந்த வேலை கிடைத்தால் தனி வீடு பார்த்துவிடலாம் என்று மனைவி காலையில் ஆபீஸ் கிளம்பும்போது சொல்லியிருந்தாள். கிடைத்த பிறகு பெரியவர்களிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றும்.

"அத்தை, உங்க டேப்லட்டைக் கொஞ்சம் தர்றீங்களா?"

மாமியார் காதில் இயர்போனோடு அறை வாசலில் நின்றாள். "எனக்கு வேலை இருக்கு, மாப்பிள்ளை."

கதவு சாத்திக்கொண்டது.

"என் போனை எடுத்துக்குங்க" என்றார் மாமனார். "எனக்கு யாரு பேசப்போறா?"

அதை மின்விசிறி இறக்கையில் டேப் போட்டு ஒட்டினான். கீழே மேஜையில் ஒரு தட்டு, ஓர் ஆப்பிள், கத்தி. பாடம், பின்னம். மூன்று போனிலும் பதிவை ஓடவிட்டு உட்கார்ந்தான். தொடக்கத்தில் ஒருமுறை கை தட்டு, அந்தச் சத்தத்தை வைத்து மூன்றையும் பொருத்திக்கொள்வார்கள் என்று கல்யாண வீடியோ எடுக்கும் நண்பன் சொல்லியிருந்தான்.

தட்டினான்.

கதவு திறந்தது. "கூப்பிட்டீங்களா?"

"இல்ல, அத்தை."

"கை தட்டினீங்களே?"

"அது வீடியோவுக்கு."

"என்ன வீடியோ?"

"சும்மா ஒரு வீடியோ."

"சும்மா இருக்கறவர் சும்மா வீடியோ எடுங்க. வேண்டாங்கல. கை தட்டிக் கூப்பிட நான் என்ன ஹோட்டல் சர்வரா?" முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சு வரை எட்டிய குரல் அது. கதவு பலமாகச் சாத்திக்கொண்டது.

"கோவம் வந்தா எனக்கு வேர்த்துடும்" என்றார் மாமனார். கோபம் யாருடையது என்று அவர் சொல்லவில்லை. சோபாவில் உட்காரும் முன் பழக்க தோஷத்தில் விசிறியைப் போட்டார்.

போன் இரண்டு சுற்று சுற்றி அவர் தோளில் வந்து விழுந்தது.

"யாரும் பேச மாட்டாங்கன்னுதான் சொன்னேன்" என்று தோளைத் தடவிக்கொண்டார். "அதுவே நேர்ல வந்திடுச்சு."

அவன் மேஜைக்கு இருபுறமும் நாற்காலிகளை அடுக்கினான். குறுக்கே துடைப்பக் கட்டையை வைத்து அதில் போனைக் கட்டினான். கைதட்டல் வேண்டாம் என்று முடிவு செய்து, கரண்டியால் தட்டை ஒரு தட்டு தட்டினான்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "கேட்டீங்களா? ஒரு மணிக்குத்தான் சாப்பாடு போட்டேன். அதுக்குள்ள தட்டைத் தட்டறார்!"

"அத்தை, அது—"

"ஊர்ல நாலு பேர் கேட்டா நான் மாப்பிள்ளையைப் பட்டினி போடறேன்னு சொல்ல மாட்டாங்க?"

"கண்டுக்காதீங்க, நடத்துங்க" என்றார் மாமனார்.

நடத்தினான். ஆப்பிளை இரண்டாக வெட்டி அரை என்றான். நான்காக வெட்டிக் கால் என்றான். முக்கால் என்று சொல்ல மூன்று துண்டுகளை ஒதுக்கும்போது மேலே தொங்கிய போன் மணியடித்தது. பதிவு நின்றது.

பேசியது மாமனாரின் நண்பர். இடுப்பு வலிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டார். மாமனார் துடைப்பக் கட்டையை அண்ணாந்து பார்த்தபடியே ஸ்பீக்கரில் பதில் சொன்னார். சொல்லிக்கொண்டே முக்கால் ஆப்பிளையும் தின்றார். பேச்சு முடிந்ததும் கால் ஆப்பிளையும் தின்றார்.

வேறு பழம் இல்லை. வெங்காயம் இருந்தது.

ஐந்தே கால். மாமனாரின் போனுக்கு இனி அழைப்பு வராதபடி செய்துவிட்டு, மூன்றையும் ஓடவிட்டான்.

"சத்தம்தானே வேணும்? நான் தட்டறேன்" என்றார் மாமனார். "என் கைன்னா அவ ஒண்ணும் சொல்ல மாட்டா."

தட்டினார்.

கதவு திறந்தது. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எனக்கு ஒரு தடவை கை தட்டியிருக்கீங்களா? மாப்பிள்ளை வெங்காயம் வெட்டினா கைதட்டலா?"

கதவு சாத்திக்கொண்டது. மாமனார் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவனுக்குப் பொறுக்கவில்லை. "வேலை இருக்கு, வேலை இருக்குன்னு அத்தை உள்ள என்னதான் மாமா பண்றாங்க? நாள் பூரா சீரியல். வெளிய வந்தா அதைவிடப் பெரிய சீரியல். அவங்களை எந்த எண்ணால வகுத்தாலும் வாய் மட்டும் முழுசா மீதி நிக்கும்."

மாமனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பொத்தியது போதவில்லை.

அவன் தொடையில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தான். இந்த முறை யாரும் கூப்பிடவில்லை, எதுவும் விழவில்லை. அரைக்கால் வரை போனான். கண்ணில் தாரையாக நீர் வழிந்தது. பின்னத்துக்காக உருகும் ஒரு வாத்தியார் மூன்று கோணத்திலும் பதிவானார்.

ஆறு மணிக்குச் சற்று முன் மூன்று பதிவும் போய்ச் சேர்ந்தன. கிடைத்தது என்று பதில் வந்தது.

ஆசுவாசமாகச் சாய்ந்து, அனுப்பியதை ஓடவிட்டுப் பார்த்தான். முதலில் மாமனாரின் கைதட்டல். பிறகு மாமியாரின் குரல். பிறகு அவன் குரல், ஒரு சொல் விடாமல்.

"மாமா, நான் அத்தையைப் பத்திப் பேசினதும் போயிடுச்சு."

"எங்க?"

"கம்பெனிக்கு. வெட்டக் கூடாதுன்னாங்க, அப்படியே அனுப்பிட்டேன்." போனைக் கவிழ்த்து வைத்தான். "போகட்டும். பாக்கறவங்க யாரோ, எவரோ. அவங்களுக்கு நம்ம அத்தையைத் தெரியவா போகுது?"

"எந்தக் கம்பெனி, மாப்பிள்ளை?"

இனி மறைக்க என்ன இருக்கிறது என்று பெயரைச் சொன்னான்.

மாமனார் சோபாவின் நுனிக்கு வந்தார். "நான் சிரிச்சது கேக்குதா?"

"நல்லாக் கேக்குது."

அவர் மூடியிருந்த கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "மாப்பிள்ளை சும்மா இருக்கறப்ப நமக்கு வேலை கிடைச்சிடுச்சுன்னா அவர் மனசு கஷ்டப்படும்னு உங்க அத்தை ஒரு மாசமா மறைச்சு வச்சிருக்கா. அந்தக் கம்பெனிக்கு வர்ற வீடியோவை எல்லாம் பாத்து மார்க் போடறது அவதான்."