நீல அட்டை மரங்களின் பசி

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமா எழுதுவது. இங்கு நானும் மகளும் சுகம். அங்கே குளிர் அதிகம் என்று கேள்வி, காதை மூடிக்கொள்ளுங்கள். பேரீச்சை மரங்களும் சுகம். அளவுக்கு மீறிச் சுகம். கடிதமே அதைப் பற்றித்தான்.

பயிற்சிக்குக் கிளம்பும்போது உங்கள் ஆராய்ச்சித் தோப்பை என்னை நம்பி ஒப்படைத்தீர்கள். சிவப்பு அட்டை கட்டிய மரத்துக்கு உரம், மஞ்சள் அட்டைக்கு உரத்தோடு ஓலையில் வளர்ச்சி ஊக்கி, நீல அட்டைக்கு வெறும் தண்ணீர். "மாமா, நீலத்துக்குத் தப்பித்தவறிகூட எதுவும் போட்டுடாதீங்க. அதை வச்சுத்தான் மத்ததை ஒப்பிடணும்" என்று படித்துப் படித்துச் சொன்னீர்கள். நானும் தலையை ஆட்டினேன். ஆட்டிய தலையை இப்போது எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

மாப்பிள்ளை, நான் மாணவர் விடுதிச் சமையலறையில் காலம் தள்ளியவன். வரிசையில் நின்ற யாரையும் வெறும் தட்டோடு அனுப்பியதில்லை. அப்படிப்பட்டவன் கையில் உர வாளியைக் கொடுத்து, இந்த மரத்துக்குப் போடு, பக்கத்து மரத்தைப் பார்க்காமல் தாண்டிப் போ என்றால் மனசு கேட்குமா? அதிலும் அந்தக் கடைசி மரம், ஓலை வெளுத்துப்போய், கூப்பிடாத வீட்டுக்குச் சாப்பிட வந்தவன் மாதிரி கூசி நின்றது. ஒரு கைப்பிடிதானே என்று போட்டேன். அடுத்தது என்ன பாவம் செய்தது என்று அதற்கும் போட்டேன். அப்புறம், இத்தனை நாள் பட்டினி போட்டோமே என்று நீலத்துக்கு மட்டும் மற்றதைவிட ஒரு கரண்டி கூடவே விழுந்தது. தெளிப்பானில் ஊக்கி மிஞ்சினால் அதுவும் நீலத்துக்கே. காவலாளி கேட்டபோது பூச்சிமருந்து என்று ஒரு கதை விட்டேன்.

ஆய்வுக்கூடத்துப் பெண் வந்து ஓலை நறுக்கிக்கொண்டு போனபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. நீலம்தான் பச்சைப்பசேல் என்று இருப்பதாக அவள் சொன்னதும் பெருமை பிடிபடவில்லை. பிறகுதான் நீங்கள் தொலைபேசியில் வந்தீர்கள். தழைச்சத்து, சாம்பல் சத்து எல்லாமே நீல அட்டை ஓலையில்தான் கூடுதலாம். "உரமும் வேண்டாம், ஊக்கியும் வேண்டாம்னு ஆயிடுச்சு மாமா. இதுவரைக்கும் யாருமே சொல்லாதது" என்று துள்ளினீர்கள். நான் தொலைபேசியை மகள் கையில் திணித்துவிட்டேன். அதை அடுத்த மாதம் பெரிய சபையில் வாசிக்கப் போகிறீர்களாம், பதவி உயர்வும் அதை வைத்துத்தானாம். வாசிக்காதீர்கள் மாப்பிள்ளை. உங்கள் உழைப்பையெல்லாம் ஒரு கரண்டியால் கெடுத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. இனி உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? இந்த ஜென்மத்தில் நீல அட்டை இருக்கிற திசையில் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன். இது சத்தியம்.

நோய்நொடி இல்லாமல், நல்ல பெயரோடு வீடு திரும்ப வாழ்த்தும்,
உங்கள் மாமா.

பி.கு.: இதைப் படித்துவிட்டு மகள் அழுகிறாள். "அவர் இவ்வளவு சந்தோஷமாப் பேசி நான் கேட்டதே இல்லப்பா" என்கிறாள். எனக்கும் மனசு தாங்கவில்லை. அதனால் நீங்கள் தைரியமாக வாசியுங்கள். உங்கள் பேச்சைக் கேட்டு மேலதிகாரிகள் தோப்பு முழுக்க உரத்தை நிறுத்தினாலும் நிறுத்தட்டும். ஒரு மரமும் வாடி உங்களைப் பொய்யனாக்காது. காவலாளியிடம் இப்போதே பேசிவிட்டேன், ராத்திரியில் அவனும் ஒரு உர வாளி பிடிக்கிறானாம்.