ஹாலோவே தமிழ்ச் சங்கத்தின் நியாயச் சம்பளத் தீர்மானம்

நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹாலோவே என்றொரு ஊர். அந்த ஊர் நகரசபைக் கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கிறவர்களுக்குச் சம்பளம் போதவில்லை என்ற விஷயம், 2001ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் ஹாலோவே தமிழ்ச் சங்கத்தின் மேலான கவனத்துக்கு வந்தது. தானாக வரவில்லை. கவுன்சில் தேர்தலில் நின்ற கானலி என்பவர், சித்திரைத் திருவிழாவுக்கு ஹை ஸ்கூல் அரங்கத்தை இலவசமாக வாங்கித் தருகிறேன், பதிலுக்கு நியாயச் சம்பளத்தை ஆதரித்து ஒரு தீர்மானம் போடுங்கள் என்று கேட்டார். இலவசம் என்று காதில் விழுந்ததும் செயற்குழுவுக்கு உழைக்கும் மக்கள் மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது.

தீர்மானம் எழுதும் பொறுப்பு செயலாளர் திருமூர்த்தியிடம் வந்தது. 'ஊதியம் என்பது பிச்சையல்ல, உரிமை' என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் எழுதித் தள்ளினார். எழுதிய கைக்குச் சம்பளம் வந்து மூன்று மாசமாகிறது. அவர் வேலை செய்த கன்சல்டிங் கம்பெனியில் ப்ராஜெக்ட் இல்லாமல் காத்திருப்பதற்கு பெஞ்ச் என்று பெயர். பெஞ்சில் இருப்பவருக்குச் சம்பளம் கிடையாது. கம்பெனி முதலாளி வாஞ்சிநாதன். சங்கத் தலைவரும் அவரே. திருமூர்த்தியின் விசா, கிரீன் கார்டு எல்லாம் அவர் கையில். ஆகவே முன்பின் தெரியாத துப்புரவுத் தொழிலாளிக்காக இருந்த வீரம், சொந்தச் சம்பளம் என்று வரும்போது தொண்டைக்குழியைத் தாண்டவில்லை.

"ஊருக்கெல்லாம் சம்பளம் கேட்டு எழுதறீங்களே, நம்ம சம்பளத்தைக் கேட்டீங்களா?" என்றாள் மனைவி நாகரத்தினம். "அபார்ட்மென்ட் மேனேஜர் ரெண்டு தடவை வந்து கதவைத் தட்டிட்டுப் போயிட்டான்."

"கேக்கறேன்டி. ஃபங்ஷன் முடியட்டும். வாஞ்சி சார் நல்ல மூட்ல இருப்பார்."

செயற்குழு வாஞ்சிநாதன் வீட்டு பேஸ்மென்டில் கூடியது. திருமூர்த்தி உணர்ச்சி பொங்கத் தீர்மானத்தை வாசித்து முடித்ததும், போண்டாத் தட்டோடு நின்றிருந்த சாந்தாமணி ஆன்ட்டி, "ரொம்ப நல்லா எழுதியிருக்கே தம்பி. அப்ப எனக்கு?" என்றார். சங்க விழாக்களுக்கு நானூறு பேருக்கு வருஷக் கணக்கில் சமைத்துக் கொட்டுகிறவர் அவர்.

"ஆன்ட்டி, நீங்க நம்ம ஃபேமிலி!" என்றார் வாஞ்சிநாதன்.

"அப்ப அடுத்த ஃபங்ஷனுக்கு ஃபேமிலி எல்லாரும் வந்து வெங்காயம் உரிங்க."

தீர்மானமே ஆட்டம் காணும் நிலை. அந்த நெருக்கடியில்தான் திருமூர்த்தியின் மூளை வேலை செய்தது. "சார், ஆன்ட்டிக்கு சம்பளம் குடுத்தா அவங்க சேவைக்கு ரேட் ஃபிக்ஸ் பண்ண மாதிரி ஆயிடும். பட்டம் குடுக்கலாம். அன்னச்சுடர்!"

வாஞ்சிநாதன் திருமூர்த்தியை அன்றுதான் முழுசாகப் பார்த்தார். "செலவே இல்லையே?" என்று ஒரு முறைக்கு இரு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

செய்தி பரவியது. மைக் செட் பார்த்துக்கொள்கிறவர், நான் மட்டும் என்ன இளிச்சவாயனா என்று கேட்டு 'ஒலிவேந்தர்' ஆனார். கார்களை ஒழுங்குபடுத்துகிறவர் 'பார்க்கிங் பெருந்தகை'. நாற்காலி போடுகிறவர் 'இருக்கைச் செல்வர்'. டான்ஸ் டீச்சரோ, 'நாட்டியத் தாரகை' பக்கத்து ஊர்ச் சங்கத்தில் ஏற்கெனவே இருவருக்குக் கொடுத்த பழைய சரக்கு என்று திருப்பி அனுப்பிவிட்டார். இவற்றையெல்லாம் தீர ஆராய, வாஞ்சிநாதன் கம்பெனியிலேயே வேலை பார்த்த பொருளாளர் பசுபதி தலைமையில் பட்டப் பரிசீலனைத் துணைக்குழு அமைந்தது. முதல் கூட்டத்திலேயே துணைக்குழு தன் உறுப்பினர்களுக்குப் பட்டம் பரிசீலித்தது.

சாந்தாமணி ஆன்ட்டி துணைக்குழுவிடம் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். "அன்னச்சுடர் மேடையில உக்காரணுமா, அடுப்படியில நிக்கணுமா?"

மூன்று கூட்டம் போட்டு விவாதித்த துணைக்குழு, பட்டம் பெற்றவர் அதே வேலையைத் தொடர்வது பட்டத்தின் மாண்புக்கு இழுக்கு என்று தீர்ப்பளித்தது. ஆன்ட்டி நல்லதொரு பட்டுப்புடவை எடுத்து வைத்துக்கொண்டார்.

விழா நாள் வந்தது. ஒலிவேந்தர் மேடையில் இருந்ததால் மைக் பேசவில்லை. இருக்கைச் செல்வர் மேடையில் இருந்ததால் ஜனங்கள் நின்றார்கள். பார்க்கிங் பெருந்தகையும் மேடையில் இருந்ததால் பாதிப் பேர் உள்ளேயே வர முடியவில்லை. எனவே நாற்காலி இல்லாதது பெரிதாகத் தெரியவில்லை. மேடையில் மட்டும் நல்ல கூட்டம். குழந்தைகள் பசியில் அழ ஆரம்பித்ததும் பீட்சாவுக்குச் சொன்னார்கள். பீட்சா கொண்டு வந்தவனுக்குப் பசுபதி ஒரு பொன்னாடையைப் போர்த்தி, 'பீட்சா வள்ளல்' என்று அறிவித்தார். அவன் பொன்னாடையை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "கேஷ் ஆர் கார்டு?" என்றான். அன்று ஹாலோவே தமிழ்ச் சங்கத்தில் செய்த வேலைக்குக் காசு வாங்கியவன் அவன் ஒருவன்தான்.

'உழைப்போர் தோழர்' பட்டம் பெற்ற கானலி, மேடையில் முட்டிக்கொண்டு நின்றவர்களைப் பார்த்து வாஞ்சிநாதனிடம் கேட்டார்: "இவர்களுக்கெல்லாம் என்ன சம்பளம் கொடுக்கிறீர்கள்?"

"ஒன்றுமில்லை சார். பட்டம் மட்டும்தான்."

"ஸ்ட்ரைக் எதுவும் பண்ணுவதில்லையா?"

"இன்னும் பெரிய பட்டம் கேட்பார்கள். அவ்வளவுதான்."

கானலி பெரிய யோசனையில் ஆழ்ந்தார். அடுத்த மாதம் தேர்தலில் ஜெயித்ததும் துப்புரவுத் தொழிலாளிகளின் சம்பள உயர்வை ஒத்திவைத்து, அவர்களை 'தாழ்வாரத் தூதர்கள்' என்று அறிவித்தார். அரிய யோசனை தந்த தமிழ்ச் சமூகத்துக்கு நன்றியும் தெரிவித்தார். தமிழ்ப் பண்பாடு அமெரிக்க அரசியலில் கால் பதித்துவிட்டது என்று சங்கத்தில் கேக் வெட்டினார்கள்.

கேக் வாய்க்குள் போன தெம்பில், இனியும் தாங்காது என்று திருமூர்த்தி வாஞ்சிநாதனின் ஆபீசுக்குள் நுழைந்தார். வாடகை கட்டாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று மேனேஜர் அன்று காலையில்தான் சொல்லியிருந்தான். "சார், என் பெஞ்ச் சாலரி..."

"வாங்க திரு! நானே கூப்பிடணும்னு இருந்தேன்." வாஞ்சிநாதன் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தார். "உங்க பொறுமைக்கு நான் ரேட் ஃபிக்ஸ் பண்ணலாமா? நீங்க சொல்லிக் குடுத்ததுதானே!"

வீட்டுக்கு வந்த திருமூர்த்தி ஷூவைக் கழற்றிச் சுவரில் எறிந்தார். நாகரத்தினம் பயந்துபோய், "கேட்டீங்களா? என்ன சொன்னார்?" என்றாள்.

"அக்கிரமம்டி! ஆறு மாசமா பெஞ்ச்ல இருக்கறது நான். பசுபதி நேத்துதான் பெஞ்சுக்கு வந்தான். அவனுக்கு 'பொறுமைப் பேரரசர்'. எனக்கு வெறும் 'பொறுமைத் திலகம்'!"

"சம்பளம்?"

"இரு, இதை இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்." போனை எடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக முதலாளியிடம் குரலை உயர்த்தினார். கிரீன் கார்டு போனாலும் போகட்டும், உழைப்புக்கேற்ற மரியாதை வேண்டும் என்று கத்தினார்.

மிகவும் நியாயமான கோரிக்கை என்று சொல்லி, வாஞ்சிநாதன் அந்த நிமிஷமே அவரையும் பேரரசர் ஆக்கினார். போனை வைத்த திருமூர்த்தி வெற்றிப் புன்னகையோடு திரும்பியபோது, நாகரத்தினம் பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.